குப்புறப் படுக்கவைக்கும் சிகிச்சையின் வரலாறு

குப்புறப் படுக்கவைத்தல் என்பது, நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை, நாளின் பெரும்பகுதி நேரம் மார்பும் வயிறும் படுக்கைப் பக்கம் இருக்கும்படி கிடத்திச் சுவாசம் அளிக்கும் முறையாகும். இதற்குத் தனி மருந்து இல்லை. புதுக் கருவியும் தேவையில்லை. சில தலையணைகளும், மயக்கத்தில் உள்ள ஒருவரை வாயிலுள்ள சுவாசக் குழாய் நழுவாமல் புரட்டத் தெரிந்த நான்கைந்து பேரும் இருந்தால் போதும். இவ்வளவு எளிய முறை 1974இல் முன்மொழியப்பட்டது. 1976இல் நோயாளிகளிடம் பலன் தெரிந்தது. ஆனால் அது உயிரைக் காக்கும் என்பதைக் காட்டிய ஆய்வு 2013இல்தான் வெளிவந்தது. இடையில் கழிந்த ஆண்டுகளில் இந்த முறையை யாரும் மறந்துவிடவில்லை. பெரிய ஆய்வுகளே அடுத்தடுத்து நடந்தன. அவற்றில் எதை அளந்தார்கள், எதை அளக்கத் தவறினார்கள் என்பதில்தான் இந்த வரலாற்றின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

நோய்க்கு ஒரு பெயர்

1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தச் செய்தார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பையை அழுத்தினர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கமாகப் பலரும் இந்நிகழ்வையே குறிப்பிடுகின்றனர். அந்த நோயாளிகளுக்குச் சுவாசத் தசைகள்தான் செயலிழந்திருந்தன. நுரையீரல் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. கைகளின் வேலையை எந்திரங்கள் ஏற்றுக்கொண்ட 1960களில் வேறொரு வகை நோயாளிகள் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தார்கள்.

1967இல் டென்வர் நகரத்தைச் சேர்ந்த ஆஷ்பா, பிகலோ, பெட்டி, லெவின் ஆகியோர் 'லான்செட்' இதழில் 12 நோயாளிகளைப் பற்றி எழுதினர். ஒருவருக்கு விபத்துக் காயம், இன்னொருவருக்கு வைரஸ் தொற்று, வேறொருவருக்குக் கணைய அழற்சி என நோயின் தொடக்கம் வெவ்வேறாக இருந்தது. முடிவோ ஒன்றுபோல் இருந்தது. மூச்சு வேகமெடுத்தது; எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் இரத்தத்தில் ஏறவில்லை; நுரையீரல் விறைத்துப்போனது; எக்ஸ்ரே படத்தில் இருபுறமும் வெண்மை படர்ந்தது. 12 பேரில் 7 பேர் இறந்தனர். பின்னாளில் ஏ.ஆர்.டி.எஸ். என்று பெயர் பெற்ற நிலை இதுவே. நுரையீரலின் காற்று நுண்ணறைகளைச் சூழ்ந்த மெல்லிய சுவர் சேதமடைகிறது; இரத்த நாளங்களிலிருந்து புரதம் நிறைந்த நீர் கசிந்து நுண்ணறைகளை நிரப்புகிறது. மூச்சை வெளியேற்றிய பிறகும் நுரையீரலுக்குள் சிறிதளவு அழுத்தத்தைத் தக்கவைத்தால் ஆக்சிஜன் ஏறுகிறது என்பதையும் டென்வர் குழு கவனித்தது. 'பீப்' எனப்படும் அந்த அழுத்தம் இன்றும் இந்நோயின் அடிப்படைச் சிகிச்சைகளில் ஒன்று.

முதுகுப்புறத்தின் சிக்கல்

தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியை மல்லாக்கக் கிடத்துவது மருத்துவப் பணியாளர்களின் வசதிக்காக ஏற்பட்ட வழக்கம். முகம் தெரிய வேண்டும். குழாய் கைக்கெட்ட வேண்டும். இதயம் நின்றால் மார்பை அழுத்த வேண்டும். நுரையீரலுக்கு இது உகந்த நிலையா என்ற கேள்வி வெகுகாலம் எழவில்லை.

மனித நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப்புறத்தில் இருக்கிறது. மல்லாந்து கிடக்கும்போது இதயத்தின் எடை அதன் கீழுள்ள நுரையீரலை அழுத்துகிறது. வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தின் பின்பகுதியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. உடல்நலத்துடன் இருப்பவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அவருடைய உதரவிதானம் அந்தப் பின்பகுதியில்தான் வலுவாக இயங்கி, அங்கே காற்றை இழுத்துக்கொள்ளும். டொரன்டோவில் அலிசன் ஃப்ரோஸும் சார்லஸ் பிரையனும் 1974இல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஏற்பாடு மயக்க நிலையில் குலைந்துபோவதைக் காட்டியது. தசைகளைச் செயலிழக்கச் செய்து எந்திரத்தால் காற்றைச் செலுத்தும்போது உதரவிதானத்தின் முன்பகுதிதான் அதிகம் நகர்கிறது. பின்பகுதி அவ்வளவாக அசைவதில்லை. இரத்தம் அதிகமாக ஓடுவதோ பின்பகுதியில். காற்று எட்டாத இடத்தின் வழியாக ஓடும் இரத்தம் ஆக்சிஜனை ஏற்றுக்கொள்ளாமலே இதயத்துக்குத் திரும்பிவிடும். அதே ஆண்டில் பிரையன் ஒரு கருத்தரங்கில், இத்தகைய நோயாளிகளைக் குப்புறக் கிடத்தினால் முதுகுப்புற நுரையீரல் விரியலாம் என்றார். எதிர்வாதம் செய்பவரின் குறிப்புகள் என்ற தொனியில் சொல்லப்பட்ட யோசனை அது.

இரண்டே ஆண்டுகளில் அது செயலுக்கு வந்தது. 1976இல் மார்கரெட் பீல், ராபர்ட் பிரவுன் ஆகியோர் 5 நோயாளிகளைக் குப்புறத் திருப்பியபோது இரத்த ஆக்சிஜன் உயர்ந்ததாக அறிவித்தனர். புரட்டுவதற்கு அவர்கள் பயன்படுத்தியது, முதுகெலும்பு முறிந்தவர்களுக்காகப் புழக்கத்தில் இருந்த, இரு பெரும் வளையங்களுக்கிடையே சுழலும் மின்கட்டில். அடுத்த ஆண்டில் மேயோ கிளினிக்கின் வில்லியம் டக்ளஸும் உடன் பணியாற்றியோரும் 6 நோயாளிகளிடம் இதே பலனைக் கண்டனர். எண்ணிக்கை சிறியது. ஆனாலும் நீலம் பாரித்த உதடு நிறம் மாறுவதைக் கண்ணெதிரே பார்த்தவர்களுக்கு ஐயம் எழ இடமில்லை. பின்னால் வந்த குழப்பத்துக்கும் இந்தக் கண்கூடான மாற்றமே வித்திட்டது எனலாம்.

நோயாளி கிடக்கும் நிலையும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதற்கு இதே காலகட்டத்தில் வேறு சான்றுகளும் கிடைத்தன. ஒரு பக்க நுரையீரல் மட்டும் கெட்டிருந்தால், நல்ல பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுப்பவருக்கு ஆக்சிஜன் கூடுதலாக ஏறுவது 1980களின் தொடக்கத்தில் அறியப்பட்டது. 1999இல் பார்சலோனாவில் 86 பேரிடம் நடந்த ஆய்வில், தலைப்பக்கத்தை 45 பாகை உயர்த்தி வைத்தவர்களிடம் வென்டிலேட்டர் சார்ந்த நிமோனியா வெகுவாகக் குறைந்தது. இன்று மல்லாந்து கிடக்கும் வென்டிலேட்டர் நோயாளிகளின் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருப்பதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

குழந்தை நுரையீரல்

ஏ.ஆர்.டி.எஸ். நுரையீரல் முழுவதும் ஒரே சீராகக் கெட்டுப்போயிருக்கும் என்றே முதலில் நம்பினார்கள். முன்னாலிருந்து எடுக்கும் எக்ஸ்ரேயில் அப்படித்தான் தெரியும். 1980களின் நடுவில் மிலான் நகரில் லூசியானோ கட்டினோனியின் குழு இந்நோயாளிகளை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது அந்த நம்பிக்கை தகர்ந்தது. முதுகுப்புறம் அடர்ந்து காற்றற்றுக் கிடந்தது. மார்புப்புறத்தில் ஒரு சிறு பகுதி மட்டும் ஏறத்தாழ இயல்பாக இருந்தது. கடும் நோயாளிகளிடம் அந்தப் பகுதியின் அளவு 5, 6 வயதுக் குழந்தையின் நுரையீரல் அளவுதான். கட்டினோனி அதற்கு 'குழந்தை நுரையீரல்' என்று பெயரிட்டார்.

இந்தப் பெயர் ஒரு எச்சரிக்கையும் ஆகும். அக்காலத்தில் ஒவ்வொரு மூச்சிலும் உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் வரை காற்றைச் செலுத்துவது வழக்கம். வளர்ந்தவருக்கான அந்தக் காற்று முழுவதும் குழந்தை அளவுள்ள பகுதிக்குள் புகுந்தால் அது மட்டுமீறி விரியும். அளவுக்கு மீறிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் நல்ல நுரையீரலிலும் நீர் கோத்துக்கொள்ளும் என்பதை வெப், டியர்னி ஆகியோர் 1974இலேயே எலிகளிடம் காட்டியிருந்தனர். உயிர்காக்க வைத்த எந்திரமே எஞ்சிய நுரையீரலையும் காயப்படுத்தலாம் என்பது இப்போது மனிதருக்கும் பொருந்தும் கவலையானது.

மிலான் குழு நோயாளிகளைக் குப்புறத் திருப்பத் தொடங்கியபோது அவர்களுடைய எதிர்பார்ப்பு எளிமையானது: நல்ல பகுதி மார்புப்புறத்தில் இருக்கிறது, அதைக் கீழே கொண்டுவந்தால் ஈர்ப்பு விசையால் இரத்தம் அங்கே பாயும், ஆக்சிஜன் ஏறும். ஆக்சிஜன் ஏறவும் செய்தது. ஆனால் குப்புறக் கிடந்த நிலையில் எடுத்த ஸ்கேன் வேறு கதை சொன்னது. முதுகுப்புறத்து அடர்த்தி சில நிமிடங்களில் கலைந்து, இப்போது கீழே இருந்த மார்புப்புறத்தில் புதிதாகத் திரண்டிருந்தது. நுரையீரல் நீரில் ஊறிய பஞ்சுபோல் தன் எடையாலேயே கீழடுக்கை நசுக்குகிறது என்று அந்தக் குழு இதை விளக்கியது.

அடர்த்தி இடம் மாறுவது மட்டும்தான் நடக்கிறதென்றால் ஆக்சிஜன் ஏன் உயர வேண்டும்? விடையின் ஒரு பகுதி அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து வந்தது. ரிச்சர்ட் ஆல்பர்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் நாய்களிடம் செய்த சோதனைகளில், குப்புறத் திருப்பிய பிறகும் இரத்த ஓட்டம் பெருமளவு முதுகுப்புறத்திலேயே நீடித்தது. ஈர்ப்பு விசையை விட நுரையீரல் நாளங்களின் கிளையமைப்புக்கு இதில் பங்கு அதிகம். ஆக, இரத்தம் நல்ல பகுதியைத் தேடிப் போகவில்லை. இரத்தம் ஓடிக்கொண்டிருந்த இடத்துக்குக் காற்று வந்து சேர்ந்தது. பெரிய முதுகுப்புறம் திறந்துகொள்கிறது, சிறிய மார்புப்புறம் சற்று மூடிக்கொள்கிறது, இதயத்தின் எடை மார்பெலும்பின் மேல் இறங்கிவிடுகிறது. கூட்டிக் கழித்தால் லாபம்தான்.

ஆக்சிஜன் ஏறியது, உயிர் பிழைக்கவில்லை

1996 முதல் 1999 வரை இத்தாலியிலும் சுவிட்சர்லாந்திலும் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கட்டினோனியின் தலைமையில் 304 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் 10 நாட்களுக்கு, நாளொன்றுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ குப்புறக் கிடத்தப்பட்டனர். 2001இல் வெளியான முடிவு ஏமாற்றமளித்தது. ஆக்சிஜன் அளவு எதிர்பார்த்தபடியே உயர்ந்தது. 10 நாட்களின் முடிவில் குப்புறப் பிரிவில் 21.1 விழுக்காட்டினரும் மல்லாந்த பிரிவில் 25 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். 6 மாதங்களில் கணக்கெடுத்தபோது குப்புறப் பிரிவின் இறப்பு விகிதம் சற்றுக் கூடவே இருந்தது. 2004இல் பிரான்சில் க்ளாட் கெரான் 791 பேரிடம், நாளுக்குச் சுமார் 8 மணி நேரம் குப்புறக் கிடத்தி நடத்திய ஆய்விலும் இறப்பு குறையவில்லை. படுக்கைப் புண்கள் அதிகரித்தன.

இத்துடன் கதை முடிந்திருக்கலாம். பல மருத்துவமனைகளில் முடிந்தும்விட்டது. வேலைப்பளு மிகுந்த, ஆபத்தும் உள்ள ஒரு முறையைப் பலன் நிறுவப்படாதபோது கைவிடுவது நியாயமாகவே தோன்றியது. ஆனால் 2001ஆம் ஆண்டு ஆய்வின் உட்பிரிவுகளில் ஒரு செய்தி ஒளிந்திருந்தது: மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களை மட்டும் தனியே பார்த்தால் குப்புறப் பிரிவில் இறப்பு குறைவு. ஆய்வு முடிந்தபின் இப்படிப் பிரித்துப் பார்ப்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது, கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு கேள்வி நேரத்தைப் பற்றியது. 24 மணி நேரத்தில் 7, 8 மணி நேரம் மட்டும் குப்புறக் கிடந்தவர், மீதி 16 மணி நேரம் பழைய நிலையில்தானே இருந்தார்?

மூன்றாவது கேள்வி காற்றின் அளவு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏ.ஆர்.டி.எஸ். ஆய்வு வலையமைப்பு 861 நோயாளிகளிடம் ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 12 மில்லிலிட்டரையும் 6 மில்லிலிட்டரையும் ஒப்பிட்டது. எடையை உயரத்திலிருந்து கணக்கிட்டார்கள். குண்டானவரின் நுரையீரல் பெரிதாகிவிடுவதில்லை அல்லவா? குறைந்த அளவு பெற்றவர்களில் 31 விழுக்காட்டினர் இறந்தனர், மற்றவர்களில் 39.8 விழுக்காட்டினர். வியப்பு என்னவென்றால், முதல் சில நாட்களில் குறைந்த காற்றுப் பெற்றவர்களின் ஆக்சிஜன் அளவுதான் மோசமாக இருந்தது. திரையில் நல்ல எண்ணைக் காட்டிய பிரிவில் அதிகம் பேர் இறந்தார்கள்.

ஸ்பெயினில் ஜோர்டி மன்செபோ 136 பேரைச் சேர்த்து, நாளுக்கு 20 மணி நேரம் என்ற இலக்குடன் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்தவர்கள் மல்லாந்தோரில் 58 விழுக்காடு, குப்புறக் கிடந்தோரில் 43 விழுக்காடு. எண்ணிக்கை போதாமையால் இதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2009இல் 342 பேரைக் கொண்ட இரண்டாவது இத்தாலிய ஆய்வும் பொதுவான பலன் எதையும் காட்டவில்லை. அதற்கடுத்த ஆண்டில் பழைய ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், மிகக் குறைந்த ஆக்சிஜன் உள்ளவர்களுக்கு மட்டும் பலன் உண்டு என்ற முடிவுக்கு வந்தனர்.

2013

கெரான் தன் முந்தைய ஆய்வு தோற்ற பிறகும் விடவில்லை. 'ப்ரோசீவா' என்ற புதிய ஆய்வு பிரான்சில் 26, ஸ்பெயினில் 1 என 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்தது. கடும் நோயாளிகள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். இரத்த ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கப்படும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் நல்ல நிலையில் 400க்கு மேல் இருக்கும்; இவர்களுக்கு அது 150க்குக் கீழே இருக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் 12 முதல் 24 மணி நேரம் காத்திருந்து, நிலை தானாகத் தேறாதவர்களையே எடுத்தார்கள். அனைவருக்கும் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் காற்றே இலக்கு. குப்புறப் பிரிவினர் ஒவ்வொரு முறையும் தொடர்ந்து 16 மணி நேரமாவது குப்புறக் கிடந்தனர். பங்கேற்ற பிரிவுகள் அனைத்தும் இம்முறையில் 5 ஆண்டுகளுக்கு மேல் பழகியவை. இந்த நிபந்தனையைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

466 நோயாளிகளின் முடிவு இது: 28ஆம் நாளில் மல்லாந்தோரில் 32.8 விழுக்காட்டினர் இறந்திருந்தனர்; குப்புறக் கிடந்தோரில் 16 விழுக்காட்டினர். 90ஆம் நாளில் 41க்கு 23.6. ஏறத்தாழ 6 பேரைக் குப்புறக் கிடத்தினால், இல்லையெனில் இறந்திருக்கக்கூடிய ஒருவர் பிழைக்கிறார். தீவிர சிகிச்சையில் இவ்வளவு பெரிய பலனைக் காட்டிய ஆய்வுகள் மிகக் குறைவு.

மறு ஆண்டில் ஆல்பர்ட், கெரான் முதலியோர் அதே தரவுகளை எடுத்து வேறொன்றைக் கேட்டனர்: குப்புறத் திருப்பியதும் ஆக்சிஜன் நன்றாக உயர்ந்தவர்கள்தான் பிழைத்தார்களா? இல்லை. ஆக்சிஜன் உயர்ந்ததற்கும் உயிர் பிழைத்ததற்கும் தொடர்பு தென்படவில்லை. 1976 முதல் எல்லோரும் பார்த்து மகிழ்ந்த மாற்றம் உண்மைதான். ஆனால் உயிரைக் காத்தது அதுவன்று. இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம் வென்டிலேட்டர் காயத்தைச் சார்ந்தது. குப்புறக் கிடக்கும்போது காற்று நுரையீரல் முழுவதும் கூடுதல் சீராகப் பரவுகிறது. குழந்தை நுரையீரல் ஒன்றே எல்லா இழுவையையும் தாங்க வேண்டியதில்லை. நுரையீரலுக்கு இரத்தத்தை அனுப்பும் வலது இதயத்தின் சுமையும் குறைகிறது. இப்படிப் பார்த்தால் நேரம் ஏன் முக்கியம் என்பதும் புரியும். காயம் ஒவ்வொரு மூச்சிலும் சேர்கிறது; 7 மணி நேரப் பாதுகாப்பு 17 மணி நேரக் காயத்தை ஈடுகட்டாது. திருப்பியும் ஆக்சிஜன் உயரவில்லை என்று நோயாளியை உடனே மல்லாக்கப் போடும் பழக்கத்துக்கும் இதனால் அடிப்படை இல்லாமல் போனது.

புரட்டும் வேலை

ஒருவர் தலைமாட்டில் நின்று குழாயையும் தலையையும் மட்டும் பார்த்துக்கொள்வார். சொல் கொடுப்பவரும் அவரே. இருபுறமும் இருவர் அல்லது மூவர். கண்களுக்குக் களிம்பிட்டு இமைகளை மூடி ஒட்டுகிறார்கள். ஈசிஜி ஒட்டிகள் மார்பிலிருந்து முதுகுக்கு மாறுகின்றன. நோயாளியை முதலில் படுக்கையின் ஒரு ஓரத்துக்கு நகர்த்தி, ஒருக்களித்து நிறுத்தி, குழாய்களை ஒருமுறை சரிபார்த்த பின் கவிழ்க்கிறார்கள். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்க, அந்தப் பக்கத்துக் கை மேலே மடங்கி, மறு கை உடலோடு நீண்டிருக்கும். நீச்சலடிப்பவர் போன்ற தோற்றம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை தலையையும் கைகளையும் பக்கம் மாற்றுவது செவிலியர் பணி. மாற்றாவிட்டால் கன்னத்திலும் தாடையிலும் புண் வரும், தோள் நரம்பு பழுதாகும். முதுகெலும்பு நிலையற்று முறிந்தவர்கள், மண்டைக்குள் அழுத்தம் கூடியவர்கள், அண்மையில் மார்பெலும்பைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு இம்முறை பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

சான்று கிடைத்த பிறகும் வழக்கம் உடனே மாறவில்லை. 2014இல் 50 நாடுகளின் 459 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எடுத்த கணக்கெடுப்பில், கடும் ஏ.ஆர்.டி.எஸ். நோயாளிகளில் 16.3 விழுக்காட்டினரே குப்புறக் கிடத்தப்பட்டிருந்தனர். அடுத்து வந்த மற்றொரு பன்னாட்டுக் கணக்கெடுப்பில் அது 32.9 விழுக்காடு, திருப்பாததற்கு மருத்துவர்கள் அதிகம் சொன்ன காரணம், ஆக்சிஜன் அவ்வளவு மோசமாக இல்லை என்பது. பழைய அளவுகோல் அவ்வளவு எளிதில் விட்டுப்போகவில்லை.

2020இன் கொரோனா அலைதான் குப்புறக் கிடத்தலை உலகெங்கும் அன்றாட வேலையாக்கியது. அறுவை அரங்குகள் மூடிக் கிடந்ததால், அங்கிருந்த பணியாளர்களையும் இயன்முறை மருத்துவர்களையும் கொண்டு பல மருத்துவமனைகள் புரட்டுவதற்கென்றே தனிக் குழுக்களை அமைத்தன. வென்டிலேட்டர் இல்லாமல் விழிப்புடன் இருந்தவர்களும் குப்புறப் படுக்கச் சொல்லப்பட்டனர். ஆக்சிஜன் படுக்கைக்கு மக்கள் அலைந்த 2021 ஏப்ரலில் இந்தியச் சுகாதார அமைச்சகம் வீட்டிலேயே இதைச் செய்வதற்கான படவிளக்கத்தை வெளியிட்டது: ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்கினால், கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை, மார்பு முதல் தொடை வரை ஒன்றிரண்டு, கணுக்காலுக்கு மேல் முன்காலின் கீழே இரண்டு, சாப்பிட்டு ஒரு மணி நேரம் வரை கூடாது.

விழித்திருப்போருக்கு இதனால் என்ன பலன் என்பதை 6 நாடுகளில் 1,100க்கு மேற்பட்டோரிடம் நடந்த கூட்டாய்வு 2021இல் அறிவித்தது. 28 நாட்களுக்குள் குழாய் செருக நேர்ந்தவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து குப்புறப் படுத்தோரில் 40 விழுக்காடு, மற்றவர்களில் 46 விழுக்காடு. குழாய் செருகும் தேவை குறைந்தது. இறப்பில் உறுதியான வேறுபாடு இல்லை. 2023இல் பிரான்சில், இரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பும் எக்மோ கருவியில் இருந்த 170 பேரிடம் இம்முறை சோதிக்கப்பட்டது. அங்கே நுரையீரலின் வேலையைக் கருவி ஏற்றுக்கொள்வதால் வென்டிலேட்டர் மிகக் குறைந்த அளவு காற்றையே செலுத்துகிறது. அவர்களைக் குப்புறத் திருப்பியதால் எக்மோவிலிருந்து விடுபடுவது விரைவுபடவில்லை.